கெவலாருக்கு ஐந்து நாள் நடை

ஜெர்மனியில் கெவலார் மாதாவிடம் எங்கள் சனம் போகிற விதம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோடையில் ஒரு சனிக்கிழமை, காரில். பின்சீட்டில் சேலைகள் மடிப்புக் குலையாமல் தொங்கும். பின்பெட்டியில் சோற்றுச் சட்டி. பூசைக்கு முன் கார் விட இடம் தேடி அரை மணித்தியாலச் சண்டை. பூசைக்குப் பின், யார் வீட்டுக் கலியாணத்துக்கு யார் வரவில்லை என்று ஒரு மணித்தியால விசாரணை. நடுவில் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி. நானும் அப்படித்தான் ஒன்பது வருடம் போய் வந்தேன். ஒன்பது வருடமும் அந்தச் சின்னப் படத்துக்கு முன்னால் நின்று மாதாவின் முகத்தைப் பார்க்காமல் மெழுகுதிரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்க்க முடியாத காரணம் எனக்கும் அவவுக்கும் மட்டும் தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன் என் மனைவியின் மார்பில் கட்டி என்று வெட்டினார்கள். அந்த மூன்று மணித்தியாலமும் ஆஸ்பத்திரி நடைபாதையில் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நான் ஒரு நேர்த்தி வைத்தேன். இவளை எனக்குத் திருப்பித் தாருங்கோ தாயே, வுப்பர்டாலில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து உங்கள் கோவில் வாசல் வரைக்கும், வண்டி வாகனம் ஏறாமல், மச்சம் மாமிசம் தொடாமல் நடந்து வாறன் என்று. மன்னாரில் பிறந்தவனுக்கு நேர்த்தி என்றால் மடு மாதா கோவிலுக்கு நடப்பது. அந்தப் பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. எவ்வளவு தூரம், இடையில் என்ன கிடக்கிறது என்று விசாரித்துவிட்டு நேருகிற வழக்கம் எங்களிடம் இல்லை. யாருக்காக நேர்ந்தோமோ அவருக்கு அதை முடிக்கும்வரை சொல்வதும் இல்லை.

மாதா தன் பங்கை உடனே செய்தா. நான்தான் செய்யவில்லை. முதல் வருடம் பேக்கரியில் லீவு தரவில்லை. இரண்டாம் வருடம் மழை. மூன்றாம் வருடம் எனக்குச் சீனி வியாதி என்று கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு சாட்டுத் தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை, பழகிவிட்டது. இந்த வருடம் ஆடி மாதம் வழக்கமாக எடுக்கிற எக்ஸ்ரே படத்தில் மனைவியின் அதே மார்பில் ஒரு நிழல் தெரிந்தது. நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்று புரட்டாதியில் ஒரு திங்கட்கிழமை வரச்சொல்லி டெர்மின் கொடுத்தார்கள். மனைவி அந்தக் கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனாள். நான் குளிர்பெட்டியைத் திறக்கவே பயந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவனுக்கு இப்படித்தான் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஞாயிறு எங்கள் ஜெர்மன் கோவிலின் அறிவித்தல் பலகையில் ஒரு தாளைக் கண்டேன். எகிப்திலிருந்து கானானுக்கு, மோசே இஸ்ராயேல் சனத்தை நடத்திப் போன வழி, ஐந்து நாள், நான்கு விடுதி என்று போட்டிருந்தது. வாசித்துப் பார்த்தால் எகிப்து என்பது வுப்பர்டாலின் மேற்கே உள்ள போவிங்கல் ரயில் நிலையம். கானான் என்பது கெவலார். புதன்கிழமை புறப்பட்டு ஞாயிறு போய்ச் சேரும் நடை. திங்கள்தான் டெர்மின். இதற்கு மேல் மாதா எனக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பவா முடியும். பெயர் கொடுத்தேன்.

மனைவியிடம் சீனியைக் குறைக்க நடக்கப் போகிறேன் என்றேன். நம்பினாளோ தெரியாது. பயணப்பைகளை விடுதிக்கு விடுதி ஏற்றிச் செல்லும் வானுக்குச் சாரதி தேவை என்று அந்தத் தாளின் அடியில் இருந்தது. தான் ஓட்டுவதாக அவளே போய்ச் சொல்லிவிட்டாள். அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். கிழவர்களைத் தனியாக வெளியே விடக் கூடாது என்று படித்தவள்.

நடையை நடத்தியவர் ஓய்வுபெற்ற சமயபாட ஆசிரியை. வாயில் எப்போதும் ஒரு புன்னகையும் கழுத்தில் ஒரு விசிலும் இருக்கும். அவவையும் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். இஸ்ராயேலின் பன்னிரண்டு கோத்திரம் என்று ஆசிரியை மகிழ்ந்தா. கோத்திரங்கள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்தால் நாங்கள் கெவலாருக்கா போகிறோம், இமயமலைக்கா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. ஆளுக்கு இரண்டு நடைத்தடி. தண்ணீர் குடிக்கப் போத்தல் இல்லை, முதுகுப்பையிலிருந்து வாய்க்கு ஒரு குழாய், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் போல. ஓய்வுபெற்ற ஒரு பொறியியலாளர் கையில் கட்டியிருந்த மணிக்கூடு, எத்தனை அடி வைத்தோம், இதயம் எப்படி அடிக்கிறது என்று எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது. அவர் கடவுளை நம்புவதில்லையாம். மணிக்கூட்டை நம்பினார்.

நான் பேக்கரிக்குப் போடுகிற சப்பாத்தோடு நின்றேன். எல்லாரும் ரயிலில் வந்து இறங்கினார்கள். நேர்த்தி வீட்டு வாசலில் இருந்து என்பதால் நான் விடிய எழுந்து ஏழு கிலோமீற்றர் நடந்து வந்திருந்தேன். அது ஒருவருக்கும் தெரியாது, பக்கத்திலேயே வானை மெதுவாக ஓட்டி வந்த மனைவியைத் தவிர. அவள் கண்ணாடியை இறக்கி, பஸ் ஓடுது, காசும் குடுக்கத் தேவையில்லை, மாதச்சீட்டு இருக்கு என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதல் நாள் நேயாண்டர் பள்ளத்தாக்கு வழியாகப் போனோம். ஆதிமனிதனின் எலும்பு எடுத்த இடம். ஆசிரியை அங்கே விசில் ஊதி நிறுத்தி ஆதாமைப் பற்றி வாசித்தா. பொறியியலாளர் குறுக்கிட்டு, இங்கே எடுத்த எலும்புக்காரன் ஆதாமுக்கு முந்தினவன் என்றார். இரண்டும் உண்மை, உண்மைக்குப் பல தளங்கள் உண்டு என்றா ஆசிரியை. எனக்கு அந்தத் தளங்கள் பிடிபடவில்லை. கட்டிக்கொண்டு வந்த புட்டைச் சாப்பிட்டேன். அங்கே வைத்திருந்த ஆதிமனிதனின் உருவம் எங்கள் பேக்கரியின் மேற்பார்வையாளரைப் போலவே இருந்தது. அதே நெற்றி, அதே பார்வை, நீ ஏன் இன்னும் பாணை அடுக்கவில்லை என்று கேட்பது போல.

ராட்டிங்கனில் முதல் விடுதி. நான் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று சொல்லி வைத்திருந்தோம். விடுதிக்காரர் பெருமையோடு கொண்டுவந்து வைத்த தட்டில் பொரித்த உருளைக்கிழங்கு, அதற்குள் பன்றி இறைச்சித் துண்டுகள். இதில் இறைச்சி இருக்கிறதே என்றேன். அது இறைச்சி இல்லை, ருசிக்குப் போட்டது என்றார். முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், இந்த விளக்கத்தை எல்லா ஊரிலும் கேட்டாயிற்று. மனைவி வானுக்குப் போய் இடியப்பப் பெட்டியை எடுத்து வந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பகிர்வு வட்டம் என்று ஒன்று. நடுவில் ஒரு மெழுகுதிரி. ஒரு கல் கைமாறி வரும். கல் யாரிடம் இருக்கிறதோ அவர் தன் சுமையைச் சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சுமை பக்கத்து வீட்டுக்காரரின் வேலி. ஒரு அம்மாவுக்கு, மகன் நத்தார்ப் பண்டிகைக்கு வராமல் மாமியார் வீட்டுக்குப் போவது. பொறியியலாளர் தனக்குச் சுமை இல்லை, முழங்கால் மட்டும்தான் என்றார். கல் என்னிடம் வந்தது. ஆசிரியை மெதுவாக, எங்களில் உண்மையான எகிப்தைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றா. எல்லாரும் தலையைச் சரித்துக் காத்திருந்தார்கள்.

எனக்கு விளங்கியது. அவர்களுக்குக் கடல் வேண்டும், படகு வேண்டும், ஒரு குண்டாவது வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் அகதியாக வந்து, இதே கதையை வெளிநாட்டார் அலுவலகத்தில் மேசைக்கு முன்னால் இருந்து சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் பாதியைச் சொன்னார். அதிகாரி அந்தப் பாதியையும் நம்பவில்லை. எந்தத் தேதி, எந்தப் படகு, படகின் நிறம் என்ன என்று கேட்டார். நிறத்தில் பிழை விட்டேன் என்று என் அன்ட்ராக்கை, அகதி விண்ணப்பத்தை, திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு நம்பியிருக்க வேண்டியவர்கள் இன்றைக்கு மெழுகுதிரி கொளுத்தி வைத்துக்கொண்டு நம்பத் தயாராக இருந்தார்கள். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. கல்லைக் கையில் உருட்டிவிட்டு, எனக்கும் முழங்கால்தான் என்றேன். பொறியியலாளர் மட்டும் சந்தோசப்பட்டார்.

அதற்குப் பிறகு ஆசிரியை அடுத்த நாள் பாதையைக் காட்ட வரைபடத்தை விரித்தா. அப்போதுதான் கண்டேன். எனக்கும் மாதாவுக்கும் நடுவில் ரைன் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கைசர்ஸ்வேர்த்தில் கார்களையும் ஏற்றுகிற படகில் கடப்போம், அதுதான் எங்கள் செங்கடல் என்றா ஆசிரியை.

மடுவுக்குப் போகிற வழியில் ரைன் இல்லை. நான் நேர்ந்தபோது யாராவது சொல்லியிருக்கலாம். நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று இருக்கிறதே, நான் அதால் சுற்றி வரட்டுமா என்று கேட்டேன். கூட்டம் பிரியக் கூடாது, மோசே யாரையும் சுற்றி வரச் சொல்லவில்லை என்று முடித்துவிட்டா. மனைவி அருகில் நின்றதால் காரணம் சொல்ல முடியவில்லை. படுக்கையில் கிடந்து யோசித்தேன். படகு வாகனமா? அப்போஸ்தலர்கள் படகில் திரிந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் ஏறமாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கவில்லை. கடைசியில் ஒரு வழி தெரிந்தது. படகில் ஏறினால் என்ன, நிற்காமல் நடந்துகொண்டே இருந்தால் அது நடைதானே.

கைசர்ஸ்வேர்த்தில் பழைய சக்கரவர்த்தியின் இடிந்த கோட்டை கரையில் நிற்கிறது. ஆசிரியை அதைப் பாரவோனின் அரண்மனை என்று வைத்துக்கொள்ளச் சொன்னா. எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். படகு வந்தது. எங்கள் வான் ஏறியது, இரண்டு சைக்கிள்காரர் ஏறினார்கள், நாங்கள் ஏறினோம். படகு அசைந்ததும் நான் நடக்கத் தொடங்கினேன். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம், பின்பக்கத்திலிருந்து முன்பக்கம், வானைச் சுற்றி. வாயில் அருள்நிறைந்த மரியே.

மூன்றாவது சுற்றில் திரும்பிப் பார்த்தால் ஆசிரியை எனக்குப் பின்னால் நடந்து வருகிறா, கைகளைக் கோர்த்துக்கொண்டு, கண்களைப் பாதி மூடி. அவவுக்குப் பின்னால் மற்றப் பத்துப் பேரும். எங்கள் நாட்டில் தண்ணீரைக் கடக்கும்போது செய்கிற ஏதோ தியானம் என்று நினைத்துவிட்டார்கள். பொறியியலாளர்கூட வந்தார், அவருக்கு அடிகள் கூடுவது போதும். மனைவி வானின் கண்ணாடியை இறக்கினாள்.

"இஞ்சருங்கோ, என்ன இது? சுத்துப்பிரகாரமோ?"

"பேசாமல் இரும். செபம் சொல்லுறன்."

"செபம் சொல்லுறவர் இருந்து சொல்லலாம். முன்னுக்குப் போறவருக்குத் தலை சுத்தினால் பின்னுக்கு வாற பதினொண்டும் ஆத்துக்குள்ளைதான்."

ஒலிபெருக்கியில் படகோட்டி, எல்லாரும் உடனே நிற்கவும், இது நடனசாலை இல்லை என்றார். ஜெர்மன்காரர் உடனே நின்றார்கள். ஒலிபெருக்கி சொன்னால் அவர்களுக்கு அது கட்டளை. நான் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மறுகரை சேர்ந்தேன். சைக்கிள்காரர் ஒருவர் கழிப்பறை கரையில் இருக்கிறது என்று அன்பாகச் சொன்னார்.

இரண்டாம் விடுதி கிறேபெல்டுக்குப் பக்கத்தில், அகழி சூழ்ந்த ஒரு பழைய கோட்டையின் அருகே. அன்றைக்கு எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள். மூன்றாம் நாள் காலை, ஆசிரியை இன்றைக்கு நகரத்துக்குள்ளால் ஒன்பது கிலோமீற்றர் பஸ்ஸில் போகிறோம் என்றா. அந்தப் பகுதி அழகில்லை, ஆன்மாவுக்கு ஒன்றும் கிடைக்காது என்பது காரணம். இஸ்ராயேலரையும் கடவுள் கழுகின் இறக்கையில் சுமந்தவர்தானே என்று கோத்திரங்கள் பஸ்ஸில் ஏறின. நான் நடக்கிறேன் என்றேன். முதல்நாள் பிரியக் கூடாது என்றவ இன்றைக்கு அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த ஒன்பது கிலோமீற்றரையும் நான் நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறேன். டயர் கடை, மலிவு விலைக் கடை, இன்னொரு மலிவு விலைக் கடை, பூட்டிக் கிடந்த ஒரு நெசவாலை, துருக்கிக்காரரின் முடிவெட்டும் கடை. பஸ் தரிப்பில் இரவுவேலை முடித்து வருகிற ஆட்கள் என்னைப் போலவே சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த ஊரில்தான் எனக்குச் செபம் நன்றாக வந்தது. மோசேயின் சனத்துக்கு அழகில்லாத பாலைவனத்தை விட்டுவிட்டுப் போக பஸ் கிடைத்திருந்தால் நாற்பது வருடம் எதற்கு.

வலது சப்பாத்துக்குள் ஏதோ ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். சீனி வியாதிக்காரனுக்குக் கால் பல சமயம் செய்தி அனுப்புவதில்லை.

கெம்பன் விடுதியில் கட்டிலில் இருந்து சப்பாத்தைக் கழற்றினேன். காலுறை சிவந்து பாதத்தோடு ஒட்டியிருந்தது. மனைவி அப்போதுதான் பைகளைக் கொண்டு வந்து வைத்தவள், குனிந்து பார்த்தாள். முதியோர் இல்லத்தில் அவள் இப்படிப்பட்ட கால்களை நிறையப் பார்த்தவள். சிலவற்றை அடுத்த மாதம் பார்க்கக் கிடைக்காது என்றும் தெரிந்தவள். வெந்நீரில் துணியை நனைத்துக் காலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். குதிக்காலில் தோல் இல்லை. கழுவி மருந்து போட்டுக் கட்டிவிட்டு, நாளைக்கு நீங்கள் வானில் இருக்கிறீர்கள் என்றாள். ஏலாது என்றேன். ஏன் என்று கேட்டாள். சீனி குறையவேண்டும் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லத் தெரியாதவனுக்கு அந்தப் பார்வை போதும். ஆஸ்பத்திரி நடைபாதை, கோப்பி இயந்திரம், ஒன்பது வருடச் சாட்டு, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய கடிதம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் சொன்னபடி நடந்திருந்தால் இந்த நிழல் வந்திருக்காது என்பதையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் நடந்து முடித்துவிட்டால் திங்கட்கிழமை ஒன்றும் இராது என்றும் சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் துணியைப் பிழிந்து தொட்டியில் போட்டாள்.

"அப்ப உங்கடை காலை நடக்க வைக்கிறதுக்காக மாதா என்ரை நெஞ்சிலை கட்டி வைச்சவவோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அதைத்தான் சொன்னனீங்கள். நீங்கள் சொல்லுற அந்தப் பொம்பிளையை எனக்குத் தெரியாது. நான் கும்பிடுறவ ஒரு பிள்ளையைப் பறிகுடுத்தவ. ஒரு தாள் குறையுது எண்டு அன்ட்ராக்கைத் திருப்பி அனுப்ப, அவவென்ன வெளிநாட்டார் அலுவலகத்திலையோ வேலை செய்யிறா?"

சமயபாடத்தில் நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் முதல் ஆள். அதில் இதற்கு விடை இருக்கவில்லை.

கட்டிலின் மறுபக்கத்தில் போய் இருந்துகொண்டு, முதுகைக் காட்டியபடி கேட்டாள்.

"ஒன்பது வருசமா நீங்கள் பயந்துகொண்டு இருந்தனீங்கள். நானும் பயந்துகொண்டு இருந்தனான். ஒரே வீட்டிலை, ஒரே கட்டிலிலை. ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் பலிக்காது எண்டு."

"ஓம். சொல்லாமல் நல்லாப் பலிச்சது."

அடுத்த நாள் காலை நான் இறங்கி வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. மனைவி வானின் திறப்பையும் ஓட்டுகிற வேலையையும் பொறியியலாளரிடம் கொடுத்திருந்தாள். அவருடைய முழங்கால் முதல்நாள் இரவிலிருந்தே ஒரு திறப்புக்காகக் காத்திருந்தது. அவள் முதியோர் இல்லத்துக்குப் போடுகிற வெள்ளைச் சப்பாத்தோடு, கைப்பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, ஆசிரியையின் பக்கத்தில் நின்றாள். ஆசிரியைக்கு என்ன சொன்னாள் என்று தெரியாது. அவ என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்து, மோசேயும் கானானுக்குள் நடந்து போகவில்லை என்று ஆறுதல் சொன்னா. மோசே செத்துப்போனதால்தான் போகவில்லை என்பதை நான் அவவுக்கு நினைவுபடுத்தவில்லை.

மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, உமக்காக நேர்ந்ததை நீரே நடந்தால் அது என்ன நேர்த்தி என்று கேட்டேன்.

"கலியாணப் பூசையிலை ரெண்டு பேரும் ஒரே உடல் எண்டு சாமியார் சொல்லேக்கை நீங்கள் நித்திரையோ? ஒரே உடல் எண்டால் கால் நாலு. ரெண்டு பழுதாப் போச்சு. மிச்சம் ரெண்டும் நடக்குது. ஏறுங்கோ வானிலை."

ஏறினேன். ஒன்பது வருடத்துக்கு முன் ஏறமாட்டேன் என்று நேர்ந்த வாகனத்தில், முன்சீட்டில், வாரைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

கெம்பனிலிருந்து கெல்டர்ன் வரைக்கும் தரை தட்டை. முட்டைக்கோவா, பீட்கிழங்கு, சோளம், கண்ணுக்கெட்டிய தூரம் பூந்தோட்டக் கண்ணாடிக் கூடங்கள். வயல்களில் ருமேனியாக்காரர் குனிந்து கோவா வெட்டிக்கொண்டிருந்தார்கள். சந்திக்குச் சந்தி கற்சிலுவை. சோளக்காட்டைச் சீனாய் பாலைவனம் என்று ஆசிரியை தாளில் போட்டிருந்தா. பொறியியலாளர் வானை வயல்பாதை ஓரம் நிறுத்திக் கூட்டத்துக்காகக் காத்திருப்பார். வரும்போது பார்த்தால் முன்னால் மனைவி. அவளுக்குப் பின்னால் நூறடி தள்ளி ஆசிரியை, விசிலை வாயில் வைத்தபடி. நடைத்தடியும் தண்ணீர்க் குழாயும் அதற்கும் பின்னால். முப்பது கட்டில் உள்ள ஒரு மாடியில் ஒவ்வொரு நாளும் மணியடிக்கிற இடமெல்லாம் ஓடுகிறவளுக்குச் சீனாய் என்ன பெரிய தூரம். வாசிப்பதற்கு நிறுத்தினால், வெயில் ஏறமுதல் நடப்பம், வாசகத்தைச் சாப்பாட்டு மேசையில் வாசிக்கலாம் என்று சொல்லிவிட்டாளாம். பின்னேரம் அவள் சத்தமாகத் தமிழில் செபமாலை சொன்னாள். அதன் தாளத்துக்கு ஜெர்மன்காரரின் கால்கள் சரியாக விழுந்ததைப் பொறியியலாளர் கண்டுபிடித்தார். முதல் தடவையாக வேகம் ஒரே சீராக இருக்கிறது என்று மெச்சினார்.

எனக்குப் பெருமையும் இல்லை, நிம்மதியும் இல்லை. நெஞ்சில் நிழல் உள்ளவள் நடக்கிறாள், அவளைக் காப்பாற்ற நேர்ந்தவன் வானில் பிஸ்கட் சாப்பிடுகிறான். பொறியியலாளரிடம் விசயத்தைச் சொன்னேன், யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கடவுளை நம்பாதவர் என்பதால் சொல்லுவது லேசாக இருந்தது. அவர் விரலில் கணக்குப் போட்டு, நிழல் படத்தில் தெரிந்தது ஆடியில், நீங்கள் நடப்பது புரட்டாதியில், ஆகவே உங்கள் காலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. தொடர்பில்லை என்றால் நான் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை என்றுதானே அர்த்தம். அந்த வானுக்குள் இருந்துதான் எனக்கு அது முதல்முதலாக விளங்கியது. நான் ஒன்பது வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தது மாதாவின் கையை இல்லை, ஒரு கயிற்றை. இழுத்தால் மணி அடிக்கும் என்று நினைத்த கயிறு.

அன்றிரவு கெல்டர்ன் விடுதியில் மனைவி சூடாக்கிய பருப்புக்கறியின் வாசம் போய், கோத்திரங்கள் எல்லாம் வானின் பின்கதவில் தட்டோடு நின்றன. வனாந்தரத்தில் கடவுள் கொடுத்த மன்னா என்றா ஆசிரியை. இது மைசூர்ப் பருப்பு, மன்னாவுக்கு உள்ளி போடுவதில்லை என்று மனைவி சொல்லிப் போட்டாள். பகிர்வு வட்டத்தில் கல் அவளிடம் வந்தபோது, திங்கட்கிழமை எனக்கு ஆஸ்பத்திரியில் டெர்மின் இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தாள். ஒருவரும் தலையைச் சரிக்கவில்லை. வேலிக்காரர் எழுந்து போய் அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் நக்கல் அடித்த மனிதர்தான். அந்தத் தேநீருக்காக அவரை மன்னித்தேன். அவர் என்னை மன்னிக்க வேண்டியதும் இருந்தது.

ஞாயிறு காலை நானும் பொறியியலாளரும் கெவலாருக்கு முதலே போய்ச் சேர்ந்தோம். சின்னக் கோவிலின் வாசலில் நொண்டிக்கொண்டு போய் நின்றேன். உள்ளே போகவில்லை. வாகனத்தில் வந்தவன் எந்த முகத்தோடு போவது. ஒன்றரை மணித்தியாலம் கழித்து அவர்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். மனைவியின் வெள்ளைச் சப்பாத்து மண்நிறமாகியிருந்தது. முகம் கறுத்து வியர்த்திருந்தது. என்னைக் கண்டதும் உள்ளே போனீங்களோ என்று கேட்டாள். இல்லை என்றேன். என் கையைப் பிடித்தாள், நான் நொண்டுவதால் பிடிக்கிறாள் என்று வெளியே நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அந்தப் படம் அவ்வளவு சின்னது, ஒரு தபால் அட்டை அளவு. அவள்தான் சொன்னாள், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி, கடைக்காரரோடு பேசுவது போல.

"தாயே, இவர் சொன்ன தூரம் வந்து சேந்திட்டுது. ஆர் நடந்தது எண்டு நீங்கள் பாத்தனீங்கள்தானே. நாளைக்கு என்ன வருமோ எனக்குத் தெரியாது. என்ன வந்தாலும் இவரைத் தனிய விட்டிடாதையுங்கோ, இவருக்குப் பயந்தால் நல்லாச் சமாளிக்கத் தெரியாது."

அன்றைக்குத்தான் ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணில் தண்ணீர் நின்றது.

திங்கட்கிழமை பெண் வைத்தியர் நீண்ட நேரம் பார்த்தா. பழைய வெட்டுத் தழும்பு தடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி வாருங்கள் என்றா. மனைவி சட்டையைப் போட்டுக்கொண்டே என் குதிக்காலைப் பற்றி அவவிடம் விசாரித்தாள். அவ அது தன் துறை இல்லை என்று சொல்லி, கட்டைப் பார்த்ததும் இன்றைக்கே வேறு இடத்துக்குப் போகச் சொன்னா.

கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் ஏறி இருந்தோம். ஆறு மாதம் என்ற சொல் என் தலைக்குள் கிடந்தது. என்னை அறியாமலே வாய் அசையத் தொடங்கியிருக்க வேண்டும்.

"என்ன, திரும்ப நேருறியளோ?"

"ஒரு சின்ன நேர்த்தி. ஆறு மாசத்துக்கு."

"நேருங்கோ. எனக்குக் கேக்கச் சொல்லுங்கோ."

சத்தமாகச் சொன்னேன். நடந்து வாறன் என்றதும் கையைக் காட்டி நிறுத்தினாள், அதை எடுத்துவிட்டேன். இறைச்சியை விடுகிறேன் என்றேன். அதையும் எடுக்கச் சொன்னாள், நோய்க்காரனுக்குப் பலம் வேண்டுமாம். தாயே, இவளுக்கு ஒன்றும் வராமல் பார்த்தால் நன்றி என்றேன். பார்த்தால் என்கிற பேரத்தை எடுங்கோ என்றாள். எடுத்த பிறகு மிஞ்சியது தாயே என்பதும் நன்றி என்பதும்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அவள் ஆமென் சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.